கை படாத டப்பா

அன்று காலை சொதிக் குழம்பை டப்பாவில் ஊற்றியது நானா, கோமு அத்தையா என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரு நாள் நினைத்தால் அகப்பை என் கையில் இருக்கிறது. இன்னொரு நாள் நினைத்தால் அத்தையின் கையில் இருக்கிறது. நான் மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் மனது அதை எத்தனை முறை புரட்டிப் பார்த்ததோ, புரட்டிய இடமெல்லாம் தேய்ந்துவிட்டது. நான் சொல்வதில் எங்காவது பிசகு இருக்கலாம். பேச்சுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நம்பலாம்.

எங்கள் வீட்டுக் கதையை இத்தனை வாரங்களாகப் படித்து வருகிறவர்களுக்கு எல்லாரையும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சில வரிகள். திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு. கோமு அத்தை என் மாமியார். மூத்த மகன் சிவகணேஷ் என் கணவர். சாப்பாடு கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்கிற கம்பெனி ஒன்றைப் பேட்டையில் வைத்திருக்கிறார். இளையவன் சங்கருக்குத் தூத்துக்குடியில் வேலை. சனிக்கிழமைதான் வருவான். அவன் மனைவி விஜயஸ்ரீ, எங்களுக்கு விஜி, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளுக்கு நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது மறுபடி ஆறாம் மாதம்.

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பொட்டலத்தை விஜி கண்டெடுத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

அந்தப் பொட்டலத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை. என்னிடமும் இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உப்பு எடுத்தால் பார்ப்பாள். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பினால் பார்ப்பாள். பேசிக்கொண்டே இருந்த பெண், இரண்டு வார்த்தை பேசிவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கப் பழகிக்கொண்டாள். நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் என் மௌனத்தில் ஒன்றும் இருக்காது. அவள் மௌனத்தில் ஏதோ இருந்தது.

அன்று விஜியை ஆஸ்பத்திரியில் காட்டுகிற நாள். அரை நாள் வேலைக்குப் போய்விட்டு, மத்தியானம் நேரே பாளையங்கோட்டைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆபீஸ் வேன் வருவதற்கு முன்னால் நான் டப்பாவைப் பையில் வைத்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இதுல என்ன கலக்குதீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. "தேங்காப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய். தெனம் நீ பாக்குததுதானே."

"வீட்டுல எலையில போட்டுத் தின்னா ஒரு வாசமும் இல்ல. அதே சொதிதான். ஆபீஸ்ல போயி டப்பாவைத் தெறந்தா ஒரு வாசம் வருது. மருந்து மாதிரி. மழைக்கோட்டு மாதிரி. தெனமும் வருது. எல்லாரும் திங்கிற பானையில கலக்க முடியாதுல்லா. எனக்குன்னு தனியாப் போற டப்பாவுலதான் கலக்க முடியும்."

அவள் குரல் உயரவே இல்லை. யோசித்து, பல நாள் அடுக்கி வைத்துப் பேசினாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"யாரு கலக்குதா?"

"அரிசிப் பானைக்குப் பொறத்தால இருக்க பொட்டலம் யாருதுன்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா? எங்க ஆபீஸ்ல நஃபீஸத் சொல்லுதா. ஆம்பளப் பிள்ளை பொறக்கணும்னு பொடி வாங்கிச் சோத்துல போட்டுருவாகளாம். அவ சொந்தக்காரப் பிள்ளைக்குப் போட்டு, அது ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கு."

அடுக்களை வாசலில் கோமு அத்தை நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

அத்தை உள்ளே போனாள். அரிசிப் பானை நகரும் சத்தம் கேட்டது. பொட்டலத்தோடு வந்தாள். பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் இல்லாமல் மென்றாள். காரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சுக்கும் மல்லியும்," என்றாள். "உனக்குக் காலு வீங்குதே, கசாயம் போட்டுத் தரலாம்னு இடிச்சு வச்சேன். எறும்பு வரும்னு பொறத்தால வச்சேன். நீயும் கொஞ்சம் தின்னு பாரேன்."

விஜி கையை நீட்டவில்லை.

"பேரனா பேத்தியான்னு கேக்குத நெலமையிலயா இருக்கேன் நான்? உசுரோட ஒண்ணு வந்தாப் போதும்னு காந்திமதி அம்மன் முன்னால போயி நிக்கேன். அந்த வயித்துக்கு நான் வெசம் வைப்பேனா?"

வெளியே வேன் ஒலி எழுப்பியது. விஜி டப்பா இல்லாமல் போனாள். அத்தை கையைக் கழுவிக்கொண்டு கூடத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. சில நேரங்களில் சாப்பிடக் கூப்பிடுவதுகூடச் சோதித்துப் பார்ப்பது போல ஆகிவிடும்.

பொடி இல்லை. சரி. அப்படியானால் அந்த வாசம் என்ன?

அவளுக்கு மசக்கை என்று நான் அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஆறாம் மாதத்தில் யாருக்கு மசக்கை இருக்கிறது? பையில் இருந்த டப்பாவை எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. மூடியைத் திறக்காமல் அப்படியே திரும்பப் பையில் வைத்தேன். திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் விஜியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் ஏதும் வாங்கித் தின்றாளா என்று கேட்டேன். இரண்டு வாழைப்பழம் என்றாள். பையை என் மடியில் வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு வந்தது ஏன் என்று கேட்கவில்லை.

டாக்டர் கிரேஸ் அவளைப் பரிசோதித்துவிட்டு, குழந்தை கொஞ்சம் சிறிதாக இருக்கிறது, ஆனால் கவலைப்படும்படி இல்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "ஒழுங்காச் சாப்பிடுதியா?" என்றார்.

விஜி என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதுல ஒரு வாசம் வருதுன்னு சொல்லுதா டாக்டர். நீங்களே மோந்து பாருங்க."

அவர் மூடியைத் திறந்தார். சொதியை ஒரு கணம் முகர்ந்தார். அதற்குப் பிறகு சொதியைப் பார்க்கவே இல்லை. மூடியைப் பார்த்தார். அதன் உள்பக்கத்தை விரலால் தடவினார். விரலில் ஒரு வழவழப்பு ஒட்டியது. டப்பாவைச் சற்றுத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இதை எவ்வளவு சூட்டுல ஊத்துதீங்க?"

"அடுப்புல இருந்து எறக்குன உடனே. வேன் வந்துரும்லா."

"அங்க போயி மறுபடி சூடு பண்ணுதியாம்மா?"

"மைக்ரோவேவ்ல," என்றாள் விஜி. "மூடியைத் தெறக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

"ஏன்?"

அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியில் மற்றவர்கள் மீன்குழம்பு சூடாக்குவார்கள். நாங்கள் சைவம். எவர்சில்வர் தூக்கில் கொடுத்தனுப்பினால் ஆபீஸில் எல்லாத் தட்டும் கழுவுகிற தொட்டியில், அதே நாரில் கழுவி வரும். அதை மறுபடி எங்கள் அடுக்களையில் ஏற்ற அத்தைக்கு மனம் ஒப்பாது. அதனால் தினம் ஒரு புது டப்பா. சாப்பிட்டதும் அங்கேயே எறிந்துவிட்டு வரலாம். திரும்பி வராத பாத்திரத்தைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைத்தாச்சிக்குப் போகிற சோறு யார் கையும் படாமல் போகிறது என்பதில் அத்தைக்கு அவ்வளவு நிம்மதி.

சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சிறுத்துக்கொண்டு போனது.

டாக்டர் டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தினார். பிறகு விஜியைப் பார்த்துச் சொன்னார்.

"சூடும் எண்ணெய்ப்பசையும் சேந்தா, பிளாஸ்டிக்ல இருக்க சில சாமான் சோத்துல எறங்கும்மா. தேங்காப்பால்ல எண்ணெய் இருக்கு. அந்தச் சாமான்ல சிலது நம்ம உடம்புல ஊறுற ஹார்மோன் மாதிரியே போயி ஒக்காரும். இல்லேன்னா அதோட வேலையைக் கெடுக்கும். பெரியவங்க உடம்பு பெரும்பாலும் கழிச்சிரும். உள்ள இருக்க பிள்ளைக்கு ஒவ்வொரு உறுப்பும் ஹார்மோன் சொல்லுதபடிதான் உருவாகுது. அந்த நேரத்துல வேற ஒண்ணு குறுக்கப் பேசக் கூடாது."

"போன வருஷம்," என்று ஆரம்பித்தாள் விஜி. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"அதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னாப் பொய். இது இல்லவே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இன்னையில இருந்து நிப்பாட்டிரு. எவர்சில்வர், கண்ணாடி, எதுலயும் கொண்டு போ. மீன்காரங்க கூட ஒக்காந்து தின்னு. ஒண்ணும் ஆகாது." லேசாகச் சிரித்தார். விஜி சிரிக்கவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அடியில ஒரு அடையாளமும் இல்லையே. நல்ல கம்பெனின்னா என்ன பிளாஸ்டிக்குன்னு அச்சடிச்சிருப்பான். இது எங்க வாங்குனது?"

"எங்க கம்பெனிதான் டாக்டர்," என்றேன்.

விஜியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் பேட்டைக்குப் போனேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கம்பெனிக்குப் பூஜைக்குத்தான் போயிருக்கிறேன். அன்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெருமாள்ராஜ் அதன் முன்னால் நின்றான். நெடுநாளாக எங்களிடம் வேலை பார்க்கிறவன். என்னைப் பார்த்ததும் அவன் முதலில் பார்த்தது மூலையை. அங்கே மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் வெள்ளை மூட்டைகள். இன்னொரு பக்கம் அச்சில்லாத சாக்குகள். ஒரு சாக்கின் வாய் திறந்திருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் மணிகள், நடுவே நீலப் பொடிச் சில்லுகள்.

"இது என்ன பெருமாளு?"

"அண்ணாச்சி உள்ள இருக்காக அக்கா. அவுகள்ட்ட கேளுங்க."

"நான் உன்னையல்லா கேக்குதேன்."

"பழசை அரைச்சு வாரது. வேற என்னத்தச் சொல்ல."

"எந்தப் பழசு?"

அவன் மிஷினைப் பார்த்தான். "டிரம்மு, பக்கெட்டு. எல்லாந்தான்."

என் கணவர் வெளியே வந்தார். என் கையில் பையைப் பார்த்தார். நான் பேசுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"ஒக்காரு அனு."

"நான் நிக்கேன். டிரம்முன்னா எந்த டிரம்மு?"

"பேக்டரி டிரம்முதான். கழுவித்தான் அரைப்பாங்க. ஊர்ல எவன் புது மால் மட்டும் போட்டு ஓட்டுதான்? போட்டா இந்த வெலைக்கு விக்க முடியுமா?"

"வீட்டுக்கு வாரதும் இதுதானா?"

"இல்ல." உடனே சொன்னார். "வீட்டுக்குன்னு வெள்ளை மூட்டைப் புது மால்ல தனியா ஓட்டி, கோடவுன்ல எடுத்து வச்சிருக்கேன். அதுல இருந்துதான் குடுக்கணும்னு சொல்லியிருக்கேன். ஏலே பெருமாளு, சொன்னேனா இல்லையா?"

பெருமாள்ராஜ் திரும்பவில்லை.

"லே, ஒன்னையத்தான்."

"சொன்னீக அண்ணாச்சி. வீட்டுல இருந்து ஆச்சி போன் போட்டாகள்லா. கோடவுன்ல எலி ஓடும், எவன் என்னத்தத் தின்னுட்டுத் தொட்டானோ, அது வேண்டாம்னாக. மிஷின்ல இருந்து எறங்குன சூட்டோட, கை படாம கவர்ல போட்டுக் குடுன்னாக. வாராவாரம் அப்படித்தான் கொண்டு போய்க் குடுக்கேன். அப்ப ஓடுற சாக்கு மால்தான் போகும்."

"எப்போ இருந்து?"

"சின்ன அக்கா கல்யாணம் முடிஞ்சு வேலைக்குப் போகத் தொடங்குனதுல இருந்து."

மிஷின் ஒரு டப்பாவைத் தள்ளியது. பிறகு இன்னொன்றை. பெருமாள்ராஜ் அதை நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் அந்த இடத்தின் வாசம் எனக்குத் தெரிந்தது. மழைக்கோட்டு என்று விஜி சொன்னது சரி.

என் கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அம்மா இப்படிச் செய்வான்னு எனக்குத் தெரியாது அனு. சத்தியமா."

அதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் வேறொன்று உறுத்தியது. வீட்டுக்கு என்று தனியாக எடுத்து வைத்த மனிதருக்கு, மற்றது தின்பதற்கு ஆகாது என்று தெரிந்திருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டுதான் தினம் இரவு என் பக்கத்தில் நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

"அம்மாட்ட சொல்லிராத," என்றார். "தாங்க மாட்டா. விஜிட்டயும் வேண்டாம். நாளையில இருந்து எவர்சில்வர்ல குடுத்து விடுவோம். டாக்டர் சொன்னாகன்னு சொல்லிக்கிடலாம். பிள்ளை நல்லாத்தானே இருக்கு? பைய எல்லாம் சரியாயிரும்."

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது அவர் சொன்னதை எல்லாப் பக்கமும் யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் வீட்டில் அமைதி. அத்தை பாட்டுக்குச் சமைப்பாள். விஜி பாட்டுக்கு அத்தையைச் சந்தேகப்படுவாள். பிள்ளை பிறந்த பிறகும் சந்தேகப்படுவாள். போன வருஷத்து இழப்பையும் அந்தப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்வாள். பயந்து பயந்து பாதி வயிறு தின்கிற பெண்ணிடம் எவர்சில்வர் தூக்கைக் கொடுத்து என்ன பயன்?

வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். நான் இருவரையும் அடுக்களைக்குக் கூப்பிட்டேன். விஜிக்கு முக்காலியை இழுத்துப் போட்டேன். அத்தை கதவில் சாய்ந்து நின்றாள். சொன்னேன். டாக்டர் சொன்னது, சாக்கு மூட்டை, டிரம்மு, கோடவுன், போன் எல்லாவற்றையும். என் கணவர் என்ற வார்த்தை வரும் இடத்திலும் நிறுத்தவில்லை.

விஜி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மெதுவாக, "அப்ப அந்த வாசம் நெசந்தான்," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அத்தை கேட்டாள், "போன வருஷமும் இந்த டப்பாதானே போச்சு?"

"ஆமா அத்தை. ஆனா அதனாலதான்னு டாக்டர் சொல்லல."

"இல்லைன்னு சொன்னாகளா, தெரியாதுன்னு சொன்னாகளா?"

"தெரியாதுன்னுதான்."

அத்தை தலையை ஆட்டினாள். குக்கரை யாரும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டு அடங்கியது.

"அத்தை," என்றாள் விஜி. "பொடி விசயத்துல நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்."

"நீ தப்பா நெனைக்கல. எதோ எறங்குதுன்னு சொன்ன. எறங்கத்தான் செஞ்சிருக்கு. கை படாமக் குடுன்னு கேட்டு வாங்குனது நான்தானேளா." அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "சுத்தம் சுத்தம்னு பாத்து, கண்ணுக்குத் தெரியுததை மட்டுந்தான் பாத்திருக்கேன்."

வாசலில் வண்டி நின்றது. என் கணவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் மூவரையும் ஓரிடத்தில் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். என்னை ஒருமுறை பார்த்தார்.

அத்தை அவரைத் திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"எய்யா, வீட்டுக்குத் திங்கதுக்கு வேற மூட்டைன்னு சொன்னியாமே. அப்ப ஊருக்கு?"

அவர் ஹெல்மெட்டைக் கை மாற்றிப் பிடித்தார். அத்தை விடவில்லை. பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை சங்கர் வந்து விஜியைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனான். கார்த்திகையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறைந்துதான் பிறந்தது, எடை சற்றுக் குறைவு. டாக்டர் கிரேஸ் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறாள் என்றார். வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னார். எதைப் பார்ப்பதற்கு என்று விஜி கேட்டதற்கு, வளர்ச்சியைத்தான் என்றார். அத்தை தூத்துக்குடிக்குப் போய் விஜிக்குப் பத்தியச் சமையல் செய்கிறாள். விஜி மறுப்பதில்லை, ஆனால் அடுப்பு எரிகிற நேரமெல்லாம் கூடவே நிற்கிறாள். பெருமாள்ராஜ் வேலையை விட்டுவிட்டான். கம்பெனி நடக்கிறது. அந்தச் சாக்கு மூட்டைகளை விற்றுவிட்டதாக என் கணவர் சொல்கிறார். யாருக்கு விற்றார் என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லை. நான் அவரோடுதான் இருக்கிறேன்.